நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்து தாங்களே சொல்லும் செயல்திட்டம்: எங்கே ஆரம்பிப்பது?

கேள்வி இது: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் ஆசிரியை கேட்கிறார். 6, 7, 8 வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தாங்களே எடுத்து ஆராய்ந்து பெற்றோர் முன்னால் சொல்ல வேண்டும். போன வருடம் பாதிப் பேர் கடையில் வாங்கிய மாடலைக் கொண்டுவந்து வைத்தார்கள், மீதிப் பேர் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். இந்த வருடம் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?

பதில்:

கடை மாடலுக்கும் ஒப்பித்தலுக்கும் காரணம் பிள்ளைகளின் சோம்பல் இல்லை. நாம் கொடுக்கும் தலைப்புதான் காரணம். "பாலாறு மாசு", "பிளாஸ்டிக் ஒழிப்பு", "நீர் மேலாண்மை" என்று கொடுத்தால், ஏழாம் வகுப்புப் பிள்ளை வேறு என்னதான் செய்யும்? செல்போனில் தேடி நாலு பக்கம் எழுதும், அல்லது அப்பாவைக் கடைக்கு அனுப்பும். அதையே "எங்கள் தெருக் குழாயில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் சொட்டிப் போகிறது?" என்று கேட்டால் தேடி எடுக்க எங்கேயும் பதில் கிடையாது. பாட்டிலும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கேள்வி பிள்ளையின் கையால் அளக்கக்கூடியதாக இருந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். அது இல்லாவிட்டால் எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் மேடையில் ஒப்பிப்புதான் நடக்கும்.

ஆகவே முதல் வாரம் முழுக்கக் கேள்விக்கே கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் "இது சரியில்லையே" என்று தோன்றுகிற ஐந்து விஷயங்களை எழுதி வரட்டும். அதில் ஒன்றை எடுத்து, எதை அளப்பாய், எதை வைத்து அளப்பாய், எத்தனை தடவை அளப்பாய் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் சொன்னால் அந்தக் கேள்வி நிற்கும். "ஊரில் குப்பை அதிகம்" நிற்காது. "எங்கள் தெருக் குப்பைத் தொட்டி எந்தக் கிழமை நிரம்பி வழிகிறது?" நிற்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டு நல்ல கேள்வியை நீங்களே கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை கொண்டுவந்த கேள்வியை வெட்டிச் சின்னதாக்க உதவலாம், அவ்வளவுதான்.

முப்பது பிள்ளைகளுக்கு முப்பது விதமான சோதனையா என்று பயப்பட வேண்டாம். அளக்கும் முறை மூன்று நான்கு போதும். ஒரே முறையில் ஒருத்தி தன் தெரு அடிபம்பை அளப்பாள், இன்னொருவன் தோட்டத்து போர் தண்ணீரை அளப்பான். முறை பொது, கேள்வியும் குறிப்பேடும் அவரவருடையது.

சுலபமானது சொட்டும் குழாய். 250 மில்லி அளவு பாட்டில் எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பார்த்தால் போதும். பத்து நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு ஒன்றரை லிட்டர், நாளைக்கு 36 லிட்டர், அதாவது இரண்டு குடத்துக்கு மேல். இதில் நடக்கும் பெரிய தவறு ஒரே தடவை அளந்துவிட்டு 24ஆல் பெருக்குவது. மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கும்போது அழுத்தம் கூடுதல், சொட்டும் கூடும். தொட்டி காலியாகும்போது குறையும். காலை, மதியம், மாலை என மூன்று வேளை, மூன்று நாள் அளக்கச் சொல்லுங்கள். வாஷர் மாற்றிய பிறகு மறுபடி அளந்தால்தான் அது பிரச்சினையைத் தீர்த்த செயல்திட்டம். அளந்ததோடு நின்றால் பாதிதான்.

நம் பக்கத்துக்கு மிகவும் பொருத்தமானது தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு. குக்கரின் அடியில் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காத போர் தண்ணீர், அதோடு ஒப்பிட காவேரிக் குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் சோப்புக் கரைசல். துணி துவைக்கும் டிடர்ஜென்ட் கட்டி ஆகாது, அது கடின நீரிலும் நுரைக்கும், சோதனையே பொய்யாகிவிடும். குளியல் சோப்பு வேண்டும், அதுவும் உறையில் டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புப் பொருள்) 70 சதவீதத்துக்கு மேல் என்று போட்டிருப்பது. சோப்பைத் துருவி 10 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் மழைநீரில் அல்லது மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரில் (ஆசிட் அல்ல) கரைக்க வேண்டும். ஒரு கிராமை 100 மில்லியில் கரைத்தாலும் விகிதம் அதேதான்; ஆனால் மளிகைக் கடைத் தராசு ஒரு கிராமைச் சரியாகக் காட்டாது, அதனால்தான் பத்து. தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் கொடுப்பது பெரியவர் வேலை. ஓர் இரவு வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடித்து எடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே தடவை தயாரித்த கரைசலைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டாம் தடவை கரைத்ததன் அளவுகளை முதல் தடவையோடு ஒப்பிட முடியாது. மார்கழிக் காலையில் கரைசல் கூழ் மாதிரி கெட்டியானால் பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும்.

மழைநீர் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். கூரையிலிருந்து வழிவது வேண்டாம். மழை தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து, கழுவிய எவர்சில்வர் பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்துப் பிடிக்க வேண்டும்.

சோதனை இப்படி: மூடி போட்ட 100 மில்லி சிரப் பாட்டிலில் 20 மில்லி தண்ணீர். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சால் அரை மில்லி சோப்புக் கரைசல் விட்டு, மூடி, இருபது தடவை குலுக்கிக் கீழே வைக்க வேண்டும். நுரை மேற்பரப்பு முழுவதையும் மூடி ஒரு நிமிடம் நிற்கிறதா? இல்லையென்றால் இன்னும் அரை மில்லி. நுரை நின்றதும் மொத்தம் எத்தனை மில்லி ஆனது என்று எழுத வேண்டும். ஒவ்வொரு தண்ணீருக்கும் மூன்று தடவை. மழைநீரில் ஆரம்பத்திலேயே நுரை நின்றுவிடும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவு கடினத்தன்மை உள்ள தண்ணீர் நான்கைந்து மில்லி கேட்கும், 600 இருந்தால் சிரிஞ்சு ஏறக்குறைய காலியாகும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. ஆனால் சோப்பை வைத்து "எங்கள் தண்ணீரில் 420" என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. எது கூட, எது குறைவு என்று வரிசைப்படுத்தலாம். மேடையிலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

தவறு எங்கே வரும்? பாட்டிலை அலசாமல் அடுத்த தண்ணீரை ஊற்றுவது முதலாவது. ஒருவன் மெதுவாகவும் இன்னொருவன் வேகமாகவும் குலுக்குவது அடுத்தது; குலுக்குகிற கை கடைசிவரை ஒருவருடையதாகவே இருக்கட்டும். வெள்ளைத் திரியாக மிதப்பதை நுரை என்று எண்ணிக்கொள்வதும் உண்டு. அது சோப்பும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த படிவு, நுரை அல்ல. அந்தத் திரியைப் பிள்ளை விரலில் தொட்டுப் பார்க்கட்டும்; தலைமுடி பிசுபிசுப்பது ஏன் என்று அந்த நிமிடத்தில் புரிந்துவிடும்.

தீர்வுக்கு வந்தால், அதே தண்ணீரை இருபது நிமிடம் கொதிக்க வைத்து, ஆற வைத்து, தெளிந்ததை மறுபடி சோதிக்கலாம். கொதித்தால் ஒரு பங்கு கடினத்தன்மை படிந்து போகும், இன்னொரு பங்கு போகவே போகாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கொதிக்கும்போது தண்ணீர் வற்றுவதால் மீதமுள்ள உப்பு செறிவாகும். வற்றிய அளவுக்கு மழைநீர் ஊற்றிப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவராவிட்டால், கொதிக்க வைத்ததால் தண்ணீர் இன்னும் கெட்டுவிட்டது என்ற முடிவு கூட வரலாம். துணியில் வடிகட்டினால் ஒன்றும் மாறாது என்பதையும் பிள்ளை தானே அளந்து பார்க்கட்டும். துவைக்க, குளிக்க மழைநீரைக் கலந்தால் சோப்பு எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போடலாம். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. பள்ளிக் கட்டடத்தின் குழாய் இன்னும் தொட்டியில்தான் விழுகிறதா, உடைந்து தெருவில் விழுகிறதா என்று பார்ப்பதே இன்னொரு பிள்ளைக்கு ஒரு செயல்திட்டம்.

டிடிஎஸ் மீட்டர் பேனா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அது கரைந்த உப்பு மொத்தத்தையும் காட்டும், கடினத்தன்மையை மட்டும் அல்ல. மழைநீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டால் மீட்டர் எகிறும், சோப்பு அளவு பெரிதாக மாறாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து காட்டினால் பெற்றோர்களே முன்னால் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

தோல் தொழிற்சாலைத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இதைத்தான் முதலில் எழுதி வருவார்கள். எழுதட்டும், அது அவர்கள் வாழும் பிரச்சினை. ஆனால் கழிவுநீரை எந்தப் பிள்ளையும் கையால் எடுக்கக் கூடாது, ஓடைப் பக்கம் தனியாகப் போகவும் கூடாது. வீட்டுக் கிணறு, போர் தண்ணீர் போதும். அதில் உப்பு கூடுதல் என்று மீட்டர் காட்டினால், "குரோமியம் கலந்திருக்கிறது" என்று முடிவு கட்ட முடியாது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். தோலைப் பதப்படுத்த உப்பு போடுவார்கள், அதனால் உப்பு கூடலாம், பாறையிலிருந்தும் கூடலாம். பிள்ளை சொல்ல வேண்டியது: "உப்பு இவ்வளவு இருக்கிறது. எதனால் என்று எங்கள் அளவை வைத்துச் சொல்ல முடியாது. ஓடையிலிருந்து தூரம் போகப் போகக் குறைகிறதா என்று ஐந்து கிணறுகளில் பார்த்தோம்." கோபத்தோடு பேசுவதைவிட இந்த வாக்கியம் பத்து மடங்கு வலுவானது.

அடுத்தது வெயில். தகரக் கூரையில் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே எவ்வளவு குறையும்? ஆம்பூர்ப் பக்கம் ஒரே அளவு ஷூ பெட்டி இரண்டு கிடைப்பது கஷ்டமில்லை. மூடியை எடுத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே தகட்டில் வெட்டிய கூரை போட வேண்டும். வெட்டுவது பெரியவர், ஆஸ்பெஸ்டாஸ் துண்டை வெட்டவோ சுரண்டவோ விடவே கூடாது, அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பக்கவாட்டில் துளையிட்டு வெப்பமானியைச் செருகி, குமிழ் பெட்டியின் நடுவில், தகட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி வைத்துத் துளையைச் சுற்றிக் காகிதம் ஒட்டுங்கள். குமிழ் தகட்டைத் தொட்டால் தகட்டின் சூட்டைக் காட்டும், உள்ளே இருக்கும் காற்றின் சூட்டை அல்ல. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. சிவப்புத் திரவம் உள்ள ஆய்வக வெப்பமானி வேண்டும்.

முதல் நாள் சுண்ணாம்பே அடிக்காதீர்கள். இரண்டு பெட்டியையும் அப்படியே வெயிலில் வைத்து, காலை 10 மணி முதல் 3 மணி வரை அரை மணிக்கு ஒரு தடவை குறித்தால் பதினொரு அளவு கிடைக்கும். சுண்ணாம்பு இல்லாமலே ஒரு பெட்டி ஒரு டிகிரி கூடக் காட்டினால், அது வெப்பமானியின் குறை, அல்லது வேப்பமர நிழல் ஒன்றில் மட்டும் விழுந்திருக்கும். இந்த முதல் நாளைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பிறகு வரும் வித்தியாசம் சுண்ணாம்பாலா பெட்டியாலா என்று யார் கேட்டாலும் பதில் இருக்காது. இரண்டாம் நாள் ஒன்றுக்கு மட்டும் நீற்றிய சுண்ணாம்பு இரண்டு பூச்சு, காய்ந்த பிறகு அளவு. சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மூன்றாம் நாள் பெட்டிகளை இடம் மாற்றி வைத்து அளவு. மேகம் வந்தால் அந்த நேரத்தைக் குறிப்பில் எழுத வேண்டும், அளவை அழிக்கக் கூடாது.

கொசுப்புழு, மதிய உணவில் வீணாகும் காய் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒரு நாள், ஒரே இருபது வீடுகள், புழு இருந்த வீடு எத்தனை என்று சதவீதம். பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். மதிய உணவு மிச்சத்தை வாளியோடு எடை போடலாம், ஆனால் யார் மிச்சம் வைத்தார் என்று பெயர் எழுதக் கூடாது.

இனி குறிப்பேடு. இதுதான் உயிர்நாடி. நாற்பது பக்க நோட்டு, பக்க எண் போட்டது, பேனாவில் மட்டும் எழுத்து. தேதி, நேரம், வானிலை, அளவு. தவறினால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். பிறகு "ஃபேர்" நோட்டில் அழகாகப் பிரதி எடுக்க விடாதீர்கள். சோப்புக் கறை பட்ட அந்த நோட்டே மேஜைமேல் இருக்கட்டும். எல்லா அளவும் ஒரே மாதிரி, ஒரே பேனா, ஒரே சாய்வு என்றிருந்தால் அது கடைசி நாள் இரவில் எழுதியது.

ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்கு ஒன்று, முறையைப் பழகிப் பார்க்க ஒன்று, அளக்க இரண்டு, தீர்வைச் செய்து மறுபடி அளக்க ஒன்று, சொல்லிப் பழக ஒன்று. அளக்கும் வாரங்களில் மழை, தேர்வு, திருவிழா ஏதாவது குறுக்கே வரும், அதனால் அதை மட்டும் குறைக்காதீர்கள்.

சபையில் சொல்வதற்கு ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம், கேள்விக்கு மூன்று நிமிடம். சார்ட் ஒன்றே ஒன்று. அதில் மேலே கேள்வி, நடுவில் வரைபடம், கீழே சின்ன அட்டவணை. தலைப்பெழுத்து ஐந்து சென்டிமீட்டர் உயரம், மற்றவை இரண்டரை. அப்போதுதான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியும். ஜிகினா, கூகுள் படம் வேண்டாம். பட்டை வரைபடம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் தொடங்கினால் சின்ன வித்தியாசம் மலைபோல் தெரியும், அது ஏமாற்று. மூன்று அளவுகளில் எதைப் போடுவது என்று குழம்பினால், ஏழாம் வகுப்புக் கணக்கில் வரும் சராசரி, இடைநிலை இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேச்சு எழுதிக் கொடுக்காதீர்கள். ஐந்தாறு சொற்கள் மட்டும் உள்ள துண்டுச் சீட்டு போதும். முதல் பயிற்சி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நடக்கட்டும், அவர்களுக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும். ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பு என்று சில பெற்றோர் வற்புறுத்துவார்கள். மறுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பிள்ளை முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். வீட்டில் உருது பேசும் வாணியம்பாடிப் பிள்ளையும் தெலுங்கு பேசும் குடியாத்தம் பிள்ளையும் தெருவில் விசாரிப்பதைத் தங்கள் மொழியிலேயே விசாரித்து, குறிப்பை அதே மொழியில் எழுதி, சபையில் தமிழில் சொல்லலாம்.

வருகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுங்கள்: எத்தனை தடவை அளந்தாய்? எதை மட்டும் மாற்றினாய், எதை மாற்றாமல் வைத்தாய்? எந்த அளவு உன்னைக் குழப்பியது? மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்? "அதை நான் அளக்கவில்லை" என்பது முழு மதிப்பெண்ணுக்கு உரிய பதில் என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் இருபது என்றால் கேள்விக்கு நான்கு, அளந்த முறைக்கு ஆறு, குறிப்பேட்டுக்கு ஐந்து, பதில் சொல்வதற்கு ஐந்து. அலங்காரத்துக்குப் பூஜ்ஜியம், அதை எழுதியே ஒட்டினால் கடை மாடல் வருவது தானாக நிற்கும்.

நன்றாக வந்தவற்றை வெளியே அனுப்பலாம். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கானது, உள்ளூர்ப் பிரச்சினையை அளந்து ஆராய்ந்ததைக் கேட்பது. தண்ணீர், கொசு ஆய்வுகள் அங்கே பொருந்தும். இன்ஸ்பயர் மானக் என்ற மத்திய அரசு விருதுத் திட்டம் கேட்பது வேறு, புதிய பொருளுக்கான யோசனை. தேர்வானால் மாணவர் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் வரும், பள்ளிதான் பதிவு செய்ய வேண்டும். ஆய்வை இன்ஸ்பயர் மானக்குக்கும் பொருள் யோசனையை மாநாட்டுக்கும் மாற்றி அனுப்பி வீணாக்குவது அடிக்கடி நடக்கிறது. சிரிஞ்சு, வெப்பமானி போன்றவற்றை வாங்கும் முன், அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணக்குச் சோதனைகளுக்காக 2022இல் தொடங்கிய வானவில் மன்றத்துக்காகப் பள்ளிக்கு வந்த பொருள்களில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு இடமும் உண்டு, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் குழாய், போர் பற்றிய ஆய்வுகளுக்கு அதுவே சரியான நாள். பிள்ளைக்கு வாக்கு இல்லாததால் மனுவைப் பெற்றோர் பெயரில் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் போதும்: எந்தத் தெரு, எந்தக் குழாய், எந்தத் தேதிகளில் அளந்தது, மூன்று நாள் அளவு, வாஷர் மாற்றிய பிறகு வந்த அளவு, மாற்றச் செலவான ரூபாய், இன்னும் மாற்ற வேண்டிய குழாய்களின் எண்ணிக்கை. குறிப்பேட்டின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைக் கையெழுத்து வாங்கி, அதையும் அதே நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள்.